தவளை கண் லென்ஸ்ல வோல்டேஜ் இருக்குங்கிறாங்களே, அது எப்படி?

லென்ஸோட உள்பக்கம் வெளிய இருக்குற திரவத்தை விட சில பத்து மில்லிவோல்ட் நெகட்டிவா இருக்கும், அவ்ளோதான் மேட்டர். லென்ஸ் செல்லுங்க சோடியத்தை வெளிய தள்ளி பொட்டாசியத்தை உள்ள இழுத்து வெச்சுக்கும், ஆனா சவ்வு பொட்டாசியத்தைத்தான் ஈசியா கசிய விடும், பாசிட்டிவ் சார்ஜ் வெளிய போகப் போக உள்ள நெகட்டிவ் ஆகிடும். வெளித் திரவத்துல பொட்டாசியத்தை ஏத்துனா வோல்டேஜ் குறையுறத பார்க்கலாம்.

ஓட்டைப் படகுல தண்ணி இறைக்கிற மாதிரிதான், இறைக்கிறத நிறுத்துனா சோடியம் உள்ள சேரும், பின்னாடியே தண்ணியும் வரும், லென்ஸ் வீங்கி மங்கிடும். ரத்தக்குழாயே இல்லாத உறுப்பு வேற, செல்லுங்க நுண்துளைகளால ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சுதான் சமாளிக்குது (எனக்கு இதுதான் ஆச்சரியம்).

அப்புறம், பலரும் நினைக்கிற மாதிரி இந்த வோல்டேஜ் மூளைக்கு போற பார்வை சிக்னல் இல்ல, அது விழித்திரை வேலை.