கோவை சரவணம்பட்டி வாடகை உயர்வு: ஒப்பந்தத்தை முதலில் எடுத்துப் பாருங்கள்

வணக்கம். பதினொரு மாத ஒப்பந்தத்தின் ஐந்தாம் மாதத்திலேயே வாடகையை 14,000 ரூபாயிலிருந்து 18,000 ஆக உயர்த்தச் சொல்லும் வீட்டுக்காரருக்கு நீங்கள் உடனே இணங்க வேண்டியதில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வாடகை உயர்வு ஒப்பந்தத்தில் எழுதியபடியே அமைய வேண்டும்; ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டிராவிட்டால், நீங்கள் கொடுத்த பத்து மாத முன்பணமும் அச்சட்டத்தின் மூன்று மாத வரம்பைத் தாண்டியதே. ஆனால் ஒப்பந்தம், அச்சட்டப்படி அரசு நியமித்த வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். முத்திரைத்தாளில் கையெழுத்திட்டு பீரோவில் பூட்டி வைத்தது போதாது. ஐ.டி. ஊழியர்கள் தேடி வரும் பகுதி என்பதால், காலம் முடிந்ததும் அவர் புதுப்பிக்க மறுக்கக்கூடும். துடியலூர், கவுண்டம்பாளையம் பக்கம் இப்போதே விசாரித்து வையுங்கள்; குழாயில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதை மட்டும் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.