சங்கீத ரசிகர் என்ன படிப்பது? – கடிதம்

ஐயா, வணக்கம்.

நான் ஆதம்பாக்கத்தில் இருக்கிறேன். வயது 54. முப்பது வருஷமாகக் கச்சேரி கேட்கிறேன். மார்கழி வந்தால் ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு மயிலாப்பூர், தி.நகர் என்று சபா சபாவாக அலைகிறவன். படிப்புதான் ஓடமாட்டேன் என்கிறது. நந்தனம் புத்தகக் கண்காட்சியில் ஆபிரகாம் பண்டிதரின் இசை ஆராய்ச்சி நூல் ‘கருணாமிர்த சாகரம்’ வாங்கினேன். சுருதி 22-ஆ 24-ஆ என்ற கணக்கில் நின்றவன், இன்னும் அங்கேயே நிற்கிறேன். புத்தகம் இப்போது என் சுருதிப் பெட்டி ஆடாமல் இருக்க முட்டுக் கொடுக்கிறது. நண்பர் ஒருவர் வருஷத்துக்கு ஐம்பது புத்தகம் முடிக்கிறார். என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். என்னைப் போன்ற சங்கீதப் பைத்தியம் எதில் ஆரம்பிப்பது? பாட்டை ஓடவிட்டுக்கொண்டே படிக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தப் புத்தகத்தைப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுங்கள். உங்கள் மேல் தவறில்லை. நீச்சல் பழக நேரே சாகரத்துக்குப் போய்விட்டீர்கள், அவ்வளவுதான். 1917-ல் வந்த நூல் அது, ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும். பண்டிதர் தஞ்சாவூரில் சித்த வைத்தியர். ஒரு ஸ்தாயிக்குள், அதாவது கீழ் ஸ-விலிருந்து மேல் ஸ வரை, 22 சுருதி (நுண்ணிய ஸ்வர நிலைகள்) என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, இல்லை 24 என்று வாதாடினார். 1916-ல் பரோடாவில் நடந்த சங்கீத மாநாட்டுக்கு மகளையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் செய்தே காட்டினார். ஒரு வைத்தியருக்கு இதில் இத்தனை பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று என்றைக்காவது உங்களுக்கே தோன்றும். அன்றைக்கு அதை எடுத்தால் போதும்.

ஐம்பது புத்தக நண்பரை விடுங்கள். ஒரு தோடி ராகத்தை இதுவரை எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்? ‘போன வருஷமே கேட்டாச்சே’ என்று ஆலாபனை நடுவில் எழுந்து போயிருக்கிறீர்களா? (மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போயிருப்பீர்கள், அது வேறு விஷயம்.) கேட்டதையே கேட்பதில் உங்களுக்கு முப்பது வருஷப் பழக்கம் இருக்கிறது. புத்தகத்தைக் கையில் எடுத்ததும்தான் பரீட்சைக்குப் படிக்கிற பையனாகிவிடுகிறீர்கள், முடிக்கணும், அடுத்ததுக்குப் போகணும் என்று. நாலைந்து புத்தகம் போதும் உங்களுக்கு. அவற்றையே சுற்றிச் சுற்றி வாருங்கள்.

என் பெரியப்பா அப்படித்தான் படித்தார். மயிலாப்பூரில் ஒண்டுக் குடித்தனம். அவருடைய மொத்தப் புத்தகங்களும் ஒரு ட்ரங்குப் பெட்டியில் அடங்கும். மதியக் கச்சேரி முடிந்து சாயங்காலக் கச்சேரி தொடங்கும் வரை சபா கேண்டீனில் உட்கார்ந்திருப்பார். காபி குடித்துவிட்டு டம்ளரை டபராவில் கவிழ்ப்பார், பையிலிருந்து உ.வே.சா.வின் ‘சங்கீத மும்மணிக’ளை எடுப்பார். கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் மூன்று பேரின் வாழ்க்கை. “இன்னுமா அந்தப் புஸ்தகம் முடியலை?” என்பாள் பெரியம்மா. “காம்போதி ராகம் முடிஞ்சுடுத்தா என்ன?” என்பார்.

அந்தப் பிரதி இப்போது என்னிடம் இருக்கிறது. ஓரமெல்லாம் பென்சிலில் ராகப் பெயர்கள், சிலவற்றுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. பக்க அடையாளத்துக்குப் பாதி கிழிந்த கச்சேரி டிக்கெட். சாம்பார்க் கறையும் உண்டு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் நாலு தேதி போட்டிருக்கிறார், நாலும் வெவ்வேறு வருஷம்.

தன் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் (நூலைப் பாராட்டிப் பெரியவர் ஒருவர் எழுதித் தரும் பாட்டு) வேண்டி, கோபாலகிருஷ்ண பாரதியார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நடையாய் நடந்த கதை அது. பிள்ளையின் கண்ணில் கீர்த்தனைகளின் இலக்கணப் பிழைதான் பட்டது. இதோ அதோ என்று நாளைக் கடத்தினார். ஒருநாள் அவர் பகல் தூக்கத்தில் இருந்தபோது பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து, தான் கட்டிய கீர்த்தனை ஒன்றைப் பாட ஆரம்பித்தார். உள்ளிருந்தபடி கேட்ட பிள்ளை உருகிப்போனார். பாயிரம் கிடைத்தது. பெரியப்பா இந்த இடத்தைத் தனக்குள் படிக்கமாட்டார். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே படிப்பார்.

அதே பிள்ளையிடம் பாடம் கேட்கத்தான் 1871-ல் உ.வே.சா. மாயூரம் போனார். தகப்பனார் சங்கீத வித்துவான், பையனுக்கும் பாட்டு வரும். ஊரிலேயே பாரதியார் இருக்கிறார், விடுவாரா? அவரிடமும் பாடம் தொடங்கினார். பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. சங்கீதத்தில் இறங்கினால் இலக்கியத்தில் புத்தி நிற்காது என்பது அவர் கட்சி. உ.வே.சா. நிறுத்திவிட்டார். ‘என் சரித்திர’த்தில் அதைப் பெரிதாகப் புலம்பாமல் சொல்லிக்கொண்டு போகிறார். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் மூன்று சங்கீதக்காரர்களின் வாழ்க்கையை உட்கார்ந்து எழுதினான் என்று நினைக்கும்போது, பாதியில் விட்ட பாடத்தை இந்த வழியில் தொடர்ந்தாரோ என்று எனக்குப் படும். நீங்கள் மாயூரம் அத்தியாயங்களில் ஆரம்பியுங்கள். முதல் பக்கத்திலிருந்துதான் போக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

அப்புறம் தி. ஜானகிராமன். எல்லோரும் ‘மோகமுள்’ளைச் சொல்வார்கள், சரிதான். பாபு கும்பகோணத்தில் ரங்கண்ணாவிடம் பாடம் கேட்கும் பகுதிகளை நீங்கள் தனியாகவே படிக்கலாம். ஆனால் உங்களுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது ‘செய்தி’ என்ற சிறுகதை. அரை மணி நேரம்கூட ஆகாது. மேல்நாட்டுச் சங்கீதக்காரர் ஒருவர் முன்னால் நாகஸ்வரக்காரப் பிள்ளை வாசிக்கிறார். சாமா ராகத்தில் தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனை ‘சாந்தமு லேகா’ வந்ததும் அந்த மனிதர் வேறு எதையும் கேட்க விரும்பாமல் அதையே திரும்ப வாசிக்கச் சொல்கிறார். நம் ராகம் தெரியாது, தெலுங்கு தெரியாது. அவர் காதில் என்ன விழுந்தது என்பதுதான் கதை. நான் சொல்லிவிட்டால் ருசி போய்விடும்.

ஓடவிட்டுக்கொண்டே படிக்கலாமா என்றீர்களே, வேண்டாம். மற்றவர்களுக்குப் பாட்டு பின்னால் எங்கோ கேட்டுக்கொண்டிருக்கும். உங்களுக்கு அப்படி இருக்காது. இரண்டாவது பத்தியில் கை தானாகத் தொடையில் தாளம் போடும், மூன்றாவதில் ‘அட, நிஷாதத்தைப் பார்!’ என்பீர்கள். கதையைப் படியுங்கள். மூடி வையுங்கள். சாமாவைக் கேளுங்கள். மறுநாள் திரும்பப் படியுங்கள்.

சிரித்துக்கொண்டு படிக்க வேண்டுமென்றால், கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய கச்சேரி விமர்சனங்கள் இருக்கின்றன. கேண்டீனில் நாம் அடிக்கிற அரட்டைதான், என்ன, அவருக்கு எழுத வரும். கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பா’ளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். படம் பார்த்தவர்களுக்கு ஐம்பது பக்கம் வரை சிவாஜி முகம் தள்ளி நிற்காது.

வாங்குவதற்கு முன்னால் புரட்டிப் பார்க்கக் கோட்டூர்புரம் நூலகம் உங்களுக்குப் பக்கம். பழைய பதிப்புதான் வேண்டும் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளில் குனிந்து தேடுங்கள். இடுப்பு வலிக்கும். எனக்கு அங்கே கிடைத்த ஒரு கீர்த்தனைப் புத்தகத்தில் முந்தைய சொந்தக்காரர் பாதிக்கு மேல் ஸ்வரங்களைத் திருத்தியிருந்தார். திருத்தியதில் சரிபாதி தப்பு.

‘செய்தி’யைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

பி.கு.: சுருதிப் பெட்டி ஆடுகிறது என்றால் ஒரு துண்டை நாலாய் மடித்து வைத்தால் போதும்.