தேயிலைத் தோட்ட லயத்து (வரிசை வீட்டு) அடுப்புப் புகைக்கும் பிள்ளையின் இருமலுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. நுவரெலியா குளிருக்குக் கதவு, ஜன்னலைப் பூட்டி, பத்தடிக் காம்பராவில் (அறையில்) மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைக் கொப்பு, எரித்தால் புகை போக வழியே இல்லை. அந்தப் புகையில் 2.5 மைக்ரோனுக்கும் சிறிய துகள்கள் இருக்கின்றன. தலைமுடித் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கு அதைத் தடுக்காது, நேரே நுரையீரலின் அடிவரை போய்விடும். காற்றில் இந்தத் துகள்களின் ஒரு நாள் சராசரி கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது 2021இன் உலக சுகாதார நிறுவன வழிகாட்டல். விறகடுப்புக் குசினியில் அது பல மடங்காகும். வீட்டுப் புகையில் வளரும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நிமோனியா வரும் அபாயம் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

முதலில் விறகைக் கவனியுங்கள். கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) முடிந்த கையோடு கொண்டுவரும் மிலாற்றில் பாதிக்குப் பாதி ஈரம் இருக்கும். வெப்பம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகி, நெருப்பு அரைகுறையாய் எரிந்து புகைகிறது. பிளந்து, நிலத்தில் படாமல், மேலே தகரம் போட்டு மாதக்கணக்கில் காய வையுங்கள். இரண்டு துண்டைத் தட்டினால் 'டக்' என்று கேட்கவேண்டும். மந்தமாகக் கேட்டால் இன்னும் ஈரம்.

புகைபோக்கி கூரை முகட்டுக்கு மேல் இரண்டடியாவது நிற்கவேண்டும். தாழ்வாக வைத்தால் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். கரியைத் தட்டிச் சுத்தம் செய்யாவிட்டாலும் அதே கதைதான்.

குளிருக்கென்று தணலைச் சட்டியில் அள்ளிப் படுக்கும் அறையில் வைப்பதுதான் மிக மோசம். புகை தெரியாது, தணலிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும்.

பிள்ளை வேகமாக மூச்சுவிட்டாலோ, மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ கசாயம் வைத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.