முள்ளைத் தொட்டுப் பார்க்கலாமா?

கேள்வி: என் ஏழு வயது மகளுக்கு முள் என்றாலே பயம். முள்ளுள்ள செடிகளையும் விலங்குகளையும் பற்றி வீட்டிலேயே எப்படிக் கற்றுக்கொடுப்பது?
– வாசகி, மதுரை

பதில்: ரோஜாக் கிளை ஒன்றையும் எலுமிச்சைக் கிளை ஒன்றையும் நீங்களே வெட்டி வந்து அவள் முன் வையுங்கள். ரோஜா முள்ளின் பக்கவாட்டில் கட்டைவிரலால் தள்ளினால், அது மேல்தோலின் வளர்ச்சி மட்டுமே என்பதால், பச்சையாக ஒரு சிறு வடுவை விட்டுவிட்டுப் பெயர்ந்து வரும். எலுமிச்சை முள்ளோ இலைக்காம்பின் கக்கத்தில் முளைத்த கிளையின் மாற்றுருவம் என்பதால் அவ்வளவு எளிதில் பெயராது. இந்த வேறுபாட்டை அவள் விரலாலேயே உணரட்டும். சப்பாத்திக்கள்ளியை மட்டும் தள்ளி நின்று பார்ப்பது நல்லது. அதன் நுண்முட்கள் கண்ணுக்குத் தெரியாமல் தோலில் தைத்துவிடும்.

விலங்குகளுக்குச் சப்பாத்தி மாவும் துடைப்ப ஈர்க்கும் போதும். உருட்டிய மாவில் ஈர்க்குத் துண்டுகளைப் பின்னோக்கிச் சாய்த்துக் குத்தினால் முள்ளம்பன்றி தயார். அது முள்ளை அம்புபோல் எய்யும் என்று பெரியவர்களே சொல்வதுண்டு, அது உண்மையல்ல. எதிரியின் உடலில் பட்டால் முள் கழன்று தைக்குமே தவிர, பறந்து வராது. நம் தென்மாவட்டப் புதர்க்காடுகளில் வாழும் முள்ளெலியோ ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். மகளையும் பாயில் அப்படிச் சுருண்டு படுக்கச் சொல்லி, எது வெளியே தெரிகிறது, எது உள்ளே மறைந்தது என்று கேளுங்கள். முகமும் வயிறும் ஏன் மறைந்தன என்பதை அவளே சொல்லிவிடுவாள்.