வாசகர் கேள்விகள்: மூக்கு வளைந்த ரயில்களும் அளவு பிசகாத மாடல்களும்

போன இதழில் 1930-களின் ஸ்ட்ரீம்லைன் ரயில்களை (காற்று தடைபடாமல் போக வழவழப்பாக வளைத்த உடல் கொண்டவை) பற்றி இரண்டு பத்தி எழுதியதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் மாடல் செய்கிறவர்கள் அல்லது வாங்கி வைத்திருப்பவர்கள் எழுதியவை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் இந்த மாதம் முழுப் பகுதியையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒரு பர்லிங்டன் செஃபர் மாடல் (ஹெச்ஓ) வாங்கி வந்தார். மூன்றே பெட்டிதான் இருக்கிறது. "ஏதோ பாதி செட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்கிறார் நண்பர். நிஜ ரயிலில் எத்தனை பெட்டி? (திருச்சி வாசகர்)

உங்கள் கையில் இருப்பது முழு ரயில். 1934-இல் ஃபிலடெல்ஃபியாவின் பட் நிறுவனம் பர்லிங்டன் என்ற அமெரிக்க ரயில்வேக்குக் கட்டிக்கொடுத்தபோது அதற்கு மூன்று பெட்டிதான், அதில் முதல் பெட்டியிலேயே டீசல் இன்ஜின், தபால் அறை எல்லாம் அடங்கிவிடும், மொத்தப் பயணிகளே 72 பேர். பிறகுதான் நான்காவது பெட்டி ஒன்று சேர்ந்தது. பின்னாளில் இதே பெயரில் வேறு பல ரயில்கள் வந்ததால் முதல் ரயிலைப் பயனியர் செஃபர் என்று அழைக்க ஆரம்பித்தார்கள்.

மாடல் சரியா என்று நீங்களே பார்த்துவிடலாம். ஹெச்ஓ என்றால் நிஜத்தில் ஓர் அடிக்கு மாடலில் மூன்றரை மில்லிமீட்டர், அதாவது 87-இல் ஒரு பங்கு. நிஜ ரயில் சுமார் 197 அடி. பெருக்கினால் 690 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வரும். உங்கள் மாடலைத் தண்டவாளத்தில் நேராக நிறுத்தி மூக்கு நுனியிலிருந்து வால் வரை டேப் பிடியுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தால் கவலை வேண்டாம். ஐம்பது அறுபது குறைகிறது என்றால் அது பொம்மை வளைவில் ஓடுவதற்காகப் பெட்டிகளைச் சுருக்கிச் செய்தது. சாதாரண ரயிலில் பெட்டியைக் கொஞ்சம் சுருக்கினால் பலருக்கும் தெரியாது, ஏனென்றால் அது தனித்தனிப் பெட்டிகளைக் கோத்த சங்கிலி. செஃபர் அப்படியில்லை, மூக்கிலிருந்து வால் வரை ஒரே உடலாக வரைந்தது. ஓரிடத்தில் வெட்டினாலும் மொத்த உருவமும் குட்டையாகிவிடும்.

இன்னொரு சேதி, வீட்டில் குழந்தைகள் இருந்தால் சொல்லுங்கள்: 1934 மே 26-ஆம் தேதி இந்த ரயில் டென்வரிலிருந்து சிகாகோ வரை சுமார் 1,633 கிலோமீட்டரை நடுவில் எங்கும் நிற்காமல் 13 மணி 5 நிமிடத்தில் ஓடி முடித்தது, உச்ச வேகம் மணிக்கு 181 கிலோமீட்டர். அன்றைக்கு ரயிலில் செஃப் என்ற பெயருடைய ஒரு கழுதையும் போனது. ஹெச்ஓ அளவில் கழுதைப் பொம்மை கிடைத்தால் ஒன்றை வாங்கி உள்ளே நிறுத்துங்கள், அதுவும் சரித்திரம்தான்.

அதே செஃபரை நான் பிளாஸ்டிக் கிட்டிலிருந்து செய்கிறேன். குரோம் பெயிண்ட் அடித்தால் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, அலுமினியம் பெயிண்ட் அடித்தால் செத்துப்போகிறது. எது சரி? (சேலம் வாசகர்)

இரண்டும் இல்லை. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரை எடுத்து வெயிலில் பிடியுங்கள். கடையில் அன்றைக்கு வாங்கிய டம்ளர் வேண்டாம், இரண்டு வருடமாகத் தினமும் தேய்த்துக் கழுவிய டம்ளர். அதில் ஒளி விழும், ஆனால் உங்கள் முகம் தெளிவாகத் தெரியாது. கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் வெதுவெதுப்பு. அதுதான் செஃபரின் நிறம், ஏனென்றால் அது பெயிண்டே அடிக்காத எவர்சில்வர் ரயில். சாதாரண முறையில் வெல்டிங் செய்தால் சூட்டில் எவர்சில்வரின் துருப்பிடிக்காத குணம் அந்த இடத்தில் கெட்டுவிடும். அதனால் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் மட்டும் மின்சாரம் பாய்ச்சி ஒட்டும் ஷாட்வெல்ட் என்ற முறையை பட் நிறுவனத்தார் கண்டுபிடித்துக் காப்புரிமையும் வாங்கிய பிறகுதான் இப்படி ஒரு ரயிலைக் கட்ட முடிந்தது.

நான் செய்வது: முதலில் பளபளப்பான கருப்பு, அது நன்றாகக் காய்ந்தபின் மெல்லிய உலோகப் பூச்சு, ஏர்பிரஷ்ஷில் மூன்று நான்கு தடவை, ஒவ்வொன்றும் பனி படிந்த மாதிரி. பிரஷ்ஷால் மட்டும் தொடாதீர்கள். பக்கவாட்டில் நெடுக ஓடும் வரிப்பள்ளங்கள் இருக்கின்றனவே, மெல்லிய தகட்டுக்கு விறைப்பு கொடுக்க வைத்தவை, அவைதான் இந்த ரயிலின் உயிர். பெயிண்ட் 0.1 மில்லிமீட்டர் தடித்தாலே நிஜ அளவில் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் காரை பூசியதற்குச் சமம். ஓரங்கள் மழுங்கிப்போகும். நான் முதலில் செய்த செஃபர் அப்படித்தான் வீணானது, எட்டு மாத வேலை, கடைசி அரை மணி நேரத்தில். பெயிண்டைக் கரைத்தெடுக்கப் பார்த்து வரிகளையும் சேர்த்துக் கரைத்துவிட்டேன். இன்றைக்கும் அந்த உடல் பகுதியைத் தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருக்கிறேன்.

நாலுக்கு ஆறு அடிப் பலகையில் என் ஹெச்ஓ செஃபருக்குத் தண்டவாளம் போட்டிருக்கிறேன். வளைவில் திரும்பும்போது பெட்டிகளுக்கு நடுவே வாய் பிளந்த மாதிரி இடைவெளி தெரிகிறது. நடைமேடையிலும் இடிக்கிறது. மாடலின் குறையா? (மதுரை வாசகர்)

மாடல் மேல் குறையில்லை, வளைவு போதாது. இது ஸ்ட்ரீம்லைன் மாடல் வாங்குகிற எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த ரயில்களில் அடுத்தடுத்த இரண்டு பெட்டிகளின் முனைகள் ஒரே சக்கரத்தொகுதியின் மேல் உட்கார்ந்திருக்கும். நம் ஊரில் பெட்டியையே போகி என்று சொல்லிப் பழகிவிட்டோம், உண்மையில் போகி என்பது கீழே இருக்கும் அந்தச் சக்கரத்தொகுதிதான். மூன்று பெட்டி செஃபருக்கு ஆறு போகி இல்லை, நான்கே நான்கு. எடை குறைந்தது, இணைப்பும் கச்சிதமாக மூடியது. நிஜத்தில் பிரமாதமான ஏற்பாடு.

இப்போது உங்கள் பலகைக்கு வருவோம். நாலடி அகலத்தில் அதிகபட்சம் 22 அங்குல ஆரத்துக்குத்தான் வளைவு போட முடியும். அதை 87-ஆல் பெருக்கிப் பாருங்கள், 49 மீட்டர் கூட வராது. நிஜ ரயில் ஓடிய பிரதான பாதைகளின் வளைவுகள் பல நூறு மீட்டர் ஆரம் கொண்டவை. ஹெச்ஓ செஃபரின் ஒரு பெட்டி சுமார் 230 மில்லிமீட்டர். உங்கள் வளைவில் அடுத்தடுத்த பெட்டிகள் கிட்டத்தட்ட 24 பாகை மடங்க வேண்டியிருக்கிறது. வெளிப்பக்கம் ஆறேழு மில்லிமீட்டர் விரியும், உள்பக்கம் அதே அளவு நெருங்கும். பெட்டியின் நடுப்பகுதி 12 மில்லிமீட்டர் அளவுக்கு உள்ளே தள்ளும், நடைமேடையில் இடிப்பது அதுதான்.

1934-லேயே இந்தச் சிக்கல் வந்துவிட்டது. யூனியன் பசிபிக் என்ற இன்னொரு அமெரிக்க ரயில்வேயின் எம்-10000 ரயில் வெளிவந்த அதே ஆண்டில் லயனல் என்ற பொம்மை ரயில் நிறுவனம் அதை ஓ கேஜில் (ஹெச்ஓவைவிடப் பெரிய அளவு) மாடலாக விற்க ஆரம்பித்தது. பொம்மையாகச் சுருக்காமல் ஏறக்குறைய ஸ்கேலுக்கே செய்ததால் அவர்களுடைய வழக்கமான வளைவில் அது திரும்பவில்லை. ரயிலை வெட்டவில்லை அவர்கள், 72 அங்குல விட்டத்தில் புதிதாக வளைவுத் தண்டவாளமே கொண்டுவந்தார்கள். ஆறடி வட்டம்! அந்த முடிவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதை வருகிறது. ஓ72 என்ற பெயரில் அந்த அளவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது: நடைமேடையை வளைவிலிருந்து நேர்ப்பாதைக்கு மாற்றுங்கள். வளைவு தொடங்கும் இடத்தில் திடீரென்று மடக்காமல் நெகிழும் தண்டவாளத்தால் மெதுவாக நுழைய விடுங்கள். மீதி இறுக்கமான வளைவைக் குன்றுக்குப் பின்னாலோ ஊருக்குப் பின்னாலோ மறைத்துவிடுங்கள். இடைவெளியை ரப்பரால் இறுக்கி மூட மட்டும் முயலவேண்டாம், பெட்டியைத் தூக்கித் தடம் புரளச் செய்துவிடும்.

ஹெச்ஓ, ஓஓ இரண்டுக்கும் ஒரே தண்டவாளம் என்கிறார்களே, அப்படியானால் இரண்டும் ஒரே அளவுதானா? (புதுச்சேரி வாசகர்)

இல்லை. தண்டவாளம் ஒன்று, 16.5 மில்லிமீட்டர். ஹெச்ஓ ரயிலுக்கு அது சரியான அகலம். பிரிட்டனின் ஓஓ அடிக்கு 4 மில்லிமீட்டர், அதற்கு 18.83 இருக்கவேண்டும். அதனால் ஓஓ ரயிலை முன்னாலிருந்து பார்த்தால் கால் ஒடுங்கிய மாதிரி தெரியும். அமெரிக்க ஓ ஸ்கேலில் இதற்கு நேரெதிர், தண்டவாளம் நிஜத்தைவிட அகலம்.

எம்-10000 ரயிலைச் சொந்தமாகச் செய்ய ஆசை. ஆனால் ரயிலே இப்போது இல்லை என்று படித்தேன். நிறத்தையும் வடிவத்தையும் எதை வைத்து முடிவு செய்வது? (கோவை வாசகர்)

நல்ல ஆசை, கஷ்டமான ஆசை. செஃபரை இன்றைக்கும் சிகாகோ அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் நேரில் பார்க்கலாம், 1960-இல் அங்கே போய்ச் சேர்ந்தது. எம்-10000-க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1934 பிப்ரவரியில் அதுதான் முதலில் வந்தது, புல்மன் நிறுவனம் கட்டியது, உடல் அலுமினியக் கலவை. அந்த அலுமினியமே அதற்கு எமனாகிவிட்டது. போர்க்காலத்தில், 1942-இல், உலோகத்துக்காக உடைத்துவிட்டார்கள். எட்டே வருட வாழ்க்கை.

நிறம்: பக்கங்களில் கேனரி மஞ்சள், கூரையும் அடிப்பகுதியும் பொன்பழுப்பு, இரண்டும் சேரும் இடத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. இதை அடிக்கும் முன் கருப்பு வெள்ளைப் படங்களை நம்பி ஏமாறாதீர்கள். அந்தக் காலத்து ஃபிலிம் வகைகள் சில சிவப்பைக் கருப்பாகவே காட்டும், மஞ்சளும் அசலைவிடக் கறுத்து விழும். ஒரே ரயில் இரண்டு படத்தில் இரண்டு ரயில் மாதிரி இருக்கும். அப்புறம், பழைய பொம்மை மாடல்களின் மஞ்சளையும் ஆதாரமாக எடுக்கவேண்டாம், அது தொண்ணூறு வருடம் வெளிச்சம் பட்ட பெயிண்ட்.

வடிவத்துக்கு அந்தக் காலத் தொழில் இதழ்கள் இருக்கின்றன, ரயில்வே ஏஜ் போன்றவை, பரிமாணங்களோடு வரைபடம் வரும். படத்தைவிட வரைபடத்தை நம்புங்கள். மூக்கில்தான் எல்லாமே இருக்கிறது: மேலே ஓட்டுநர் அறை, கீழே மீன் வாய் திறந்த மாதிரி பெரிய காற்று வாய். நான் செய்தபோது மென்மரக் கட்டையில் செதுக்கினேன். வரைபடத்திலிருந்து ஐந்து குறுக்குவெட்டுகளை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, செதுக்கச் செதுக்க ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பது, பட்டி பார்ப்பது, உப்புத்தாள் போடுவது, மறுபடி வைத்துப் பார்ப்பது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் தடவினேன். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரிகிறது. பழைய ரயில் என்றால் ஆணித்தலை, குழாய், ஏணி என்று கண்ணை இழுக்க ஆயிரம் இருக்கும், ஒரு தப்பு அவற்றுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும். இது வழவழப்பான உடல், அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஜன்னல்களையும் கவனியுங்கள். காற்று தடைபடாமல் போக வேண்டும் என்பதற்காகக் கண்ணாடியைச் சுவரோடு சமமாக வைத்த ரயில் இது. ஹெச்ஓ மாடலில் சுவர் ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால் நிஜத்தில் 87 மில்லிமீட்டர், கண்ணாடியை உள்பக்கமாக ஒட்டினால் கோட்டைச் சுவர் ஜன்னல் மாதிரி குழிந்துவிடும். ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனியாக வெட்டி ஓட்டையிலேயே பொருத்துங்கள். பொறுமை வேண்டும், வேறு வழியில்லை.

இன்னொன்று சொல்லாமல் விட மனமில்லை. இந்த ரயில்களே முதலில் மாடலாகத்தான் பிறந்தன. எம்-10000-இன் வடிவத்தை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்தில் சின்ன மாடல்களை வைத்துச் சோதித்துத்தான் முடிவு செய்தார்கள். நீங்கள் செதுக்கப்போகும் கட்டைக்கும் அந்த ரயிலுக்கும் உள்ள உறவு அவ்வளவு நெருக்கம்.

என்னிடம் இரண்டு ஏ4 நீராவி இன்ஜின் மாடல்கள். ஒன்றில் சக்கரங்களைத் தகடு மூடியிருக்கிறது, இன்னொன்றில் திறந்து கிடக்கிறது. எது சரியான மாடல்? (சென்னை வாசகர்)

இரண்டுமே சரி, வருடம்தான் வேறு. பிரிட்டனின் ரயில் பொறியாளர் கிரெஸ்லி வடிவமைத்த ஏ4 வரிசையில் முதலாவதான சில்வர் லிங்க் 1935-இல் வந்தபோது பக்கத் தகடுகள் சக்கரங்களின் மேல்பாதியை மூடியிருந்தன. போர்க்காலத்தில் பராமரிப்புக்கு இடைஞ்சல் என்று கழற்றிவிட்டார்கள். சாம்பல் வெள்ளி நிறத்தோடு வந்தவை முதல் நான்கு இன்ஜின்கள் மட்டுமே, அந்த நிறத்தில் தகடில்லாத மாடலை யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

பத்தாவது படிக்கும் என் மகனுக்கு முதல் ஸ்ட்ரீம்லைன் மாடல் எது வாங்கலாம்? வீட்டில் இடம் குறைவு. (நாகர்கோவில் வாசகி)

ஜெர்மனியின் பறக்கும் ஹாம்பர்கர். 1933 மே மாதம் பெர்லினுக்கும் ஹாம்பர்குக்கும் இடையே ஓட ஆரம்பித்தது, 286 கிலோமீட்டரை 138 நிமிடத்தில் கடந்தது. இரண்டே பெட்டி, மூன்றே போகி. நிஜ நீளம் சுமார் 42 மீட்டர், ஹெச்ஓவில் அரை மீட்டருக்குள் அடங்கிவிடும், அதைவிடச் சின்ன 'N' ஸ்கேலில் (160-இல் ஒரு பங்கு) ஓர் அடிக் கோலைவிடச் சின்னது. சுருக்காமலேயே வீட்டு அலமாரியில் நிற்கக்கூடிய ரயில். பாலாடை நிறமும் ஊதாவும், பார்க்கவும் அழகு. வாங்கிக் கொடுக்கும்போது கூடவே ஒரு வெர்னியர் காலிபரும் கொடுங்கள். அவனே அளந்து, பெருக்கி, நிஜ ரயிலின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எங்கேயாவது தப்பு கண்டுபிடித்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.