நடக்க ஒரு தெரு: கடிதமும் பதிலும்

வணக்கம்.

நான் கோவையில் கட்டடக் கலைஞராக இருக்கிறேன். ஊருக்கு வெளியே இருபது ஏக்கரில் ஒரு மனைப்பிரிவை வடிவமைக்கும் வேலை வந்திருக்கிறது. ஏறத்தாழ இருநூறு வீடுகள். உரிமையாளருக்கு 'அந்தக் காலத்து அக்ரஹாரம் மாதிரி' வேண்டுமாம். திண்ணை, ஓட்டுத் தாழ்வாரம், நடுவில் குளம், கார் நுழையாத தெருக்கள், சுற்றிலும் சுவர், ஒரே வாசல். எனக்கு ஆர்வமாகத்தான் இருக்கிறது. ஆனால் உடன் வேலை செய்யும் தோழி, 'அது சாதியால் கட்டிய தெரு, அதை ஏன் இன்று நகலெடுக்க வேண்டும்?' என்று கேட்கிறாள். பழைய ஊர்களிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா, இல்லை இது வெறும் ஏக்கமா?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தோழி கேட்பது சரியான கேள்வி. அதை ஓரமாக வைத்துவிட்டு வடிவத்தை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை. 1924 மார்ச் 30 அன்று கேரளத்து வைக்கத்தில் சத்தியாகிரகம் தொடங்கியபோது போராடியவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினருக்காகக் கேட்டது கோயிலுக்குள் போகும் உரிமைகூட இல்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமை. அதற்காகப் பெரியார் இருமுறை சிறை சென்றார். இருபது மாதப் போராட்டத்துக்குப் பிறகு மூன்று பக்கத்துத் தெருக்கள் திறந்தன. கிழக்குப் பக்கம் அப்போதும் திறக்கவில்லை. நடப்பதற்கு ஏற்ற தெரு வேண்டும் என்று நம் மண்ணில் ஒருவர் சொன்னால், யார் நடப்பதற்கு என்ற கேள்வி உடனே எழத்தான் செய்யும். விளம்பரத்தில் 'அக்ரஹாரம்' என்ற சொல் வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்லுங்கள். அப்போதே அந்த ஒற்றை வாசலைப் பற்றியும் பேசிவிடுங்கள். அது நியாயமற்றது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், நடையையே அது கெடுத்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 285 மீட்டர். நான்கு நிமிடத்தில் குறுக்கே நடந்துவிடலாம். அவ்வளவு சின்ன இடத்தில் எப்படி வரைந்தாலும் நடக்க முடியும். நடந்து எங்கே போவது? இருநூறு வீடுகளை மட்டும் நம்பி ஒரு மளிகைக் கடை தாக்குப்பிடிப்பதே கஷ்டம். பள்ளிக்கூடம் வராது, பஸ் உள்ளே வராது. பின்சுவருக்கு அந்தப் பக்கமே டீக்கடை இருந்தாலும் முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கொஞ்ச நாளில் கொத்தமல்லிக் கட்டு வாங்கக்கூட ஸ்கூட்டரை எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அமெரிக்கரான கிளாரன்ஸ் பெரி 1929இல் ஒரு குடியிருப்புத் திட்டத்தை வரைந்து காட்டினார். நகரமைப்பு படிக்கும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் எடுத்துக்கொண்ட பரப்பு 160 ஏக்கர். நடுவில் தொடக்கப்பள்ளி, வீடுகளிலிருந்து ஏறத்தாழ கால் மைல் நடை. கடைகளை மட்டும் அவர் நடுவில் வைக்கவில்லை. ஓரத்தில், சாலைகள் சந்திக்கும் மூலைகளில், பக்கத்துக் குடியிருப்பின் கடைகளோடு சேரும்படி வைத்தார். நாலு பக்கத்து வாடிக்கையும் சேர்ந்தால்தான் கடை நிற்கும். உங்கள் நிலம் அதில் எட்டில் ஒரு பங்கு. அக்கம்பக்கத்தார் வந்து போகாமல் உங்கள் தெருவில் ஒரு கடைகூடப் பிழைக்காது.

பழைய ஊர் என்றதும் எனக்கு மதுரைதான் நினைவுக்கு வருகிறது. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் ஒன்றையடுத்து ஒன்றாக விரிந்துகொண்டே போகும். மாசி வீதிகளில் தேர் ஓட வேண்டும் என்பதால் அவற்றுக்கு அகலம் கிடைத்தது. இடையிடையே சந்துகள், கீழே கடையும் மேலே வீடுமாக. இன்று இரு சக்கர வண்டிகள் நெருக்கித்தான் தள்ளுகின்றன, ஆனாலும் ரயிலை விட்டு இறங்கிக் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். வெளி வீதிகளின் கதை உங்களுக்கு உதவும். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க முடிவெடுத்தார். இடித்துச் சமன்செய்து கொடுப்பவர்களுக்கே அந்த நிலத்தைத் தருவதாக அறிவித்தார். அந்த வேலையில் முன்நின்றவர்கள் பெயரில்தான் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இன்றும் இருக்கின்றன. சுவரும் அகழியும் இருந்த இடத்தில் இன்று வீதிகள் ஓடுகின்றன.

பழைய தெருவிலிருந்து நான் எடுக்கச் சொல்வது மனையின் முகப்பு அளவு. அந்த வீடுகள் முன்பக்கம் குறுகி, பின்னால் நீண்டு கிடக்கும். முகப்பு இருபது அடி என்றால் நூறு மீட்டர் தெருவில் ஒரு பக்கம் மட்டும் பதினாறு வாசல். அறுபது அடி என்றால் ஐந்துதான், மீதியெல்லாம் காம்பவுண்ட் சுவர். இருட்டிய பிறகு ஒரு பெண் பயமில்லாமல் நடந்துபோவதில் தெருவிளக்குக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்தப் பதினாறு வாசலுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. திண்ணையும் இதைச் சேர்ந்ததுதான். இன்றைய விதிப்படி முன்னால் இடம் விட்டாக வேண்டும். அங்கே ஆளுயரச் சுவர் எழுப்பினால் திண்ணையில் உட்கார்ந்தவர் தன் காரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இடுப்பளவுக்கு மேல் சுவர் கூடாது என்று விற்பனைப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஓட்டுக் கூரையையும் தூணையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டு முன்மாதிரிகளை உரிமையாளர் கேட்பார். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சீசைடு என்ற ஊரை 1981 முதல் எண்பது ஏக்கரில் கட்டினார்கள், அப்பகுதிப் பழைய ஊர்களை நேரில் போய் அளந்து பார்த்துவிட்டு. அழகான ஊர். ஆனால் விலை ஏறி, பணக்காரர்களின் விடுமுறை வீடுகளாகிவிட்டது. இங்கிலாந்தில், அப்போது இளவரசராக இருந்த சார்லஸின் ஆதரவோடு 1993இல் கட்டத் தொடங்கிய பவுண்ட்பரி பழமை வேஷம் போடுகிறது என்று கட்டடக் கலைஞர்கள் பலர் திட்டினார்கள். எனக்கு அந்த வேஷம் பொருட்டில்லை. அங்கே வீடுகளுக்கு நடுவிலேயே அலுவலகங்களும் பட்டறைகளும் உண்டு. 35 சதவீத வீடுகள் குறைந்த வருமானக்காரர்களுக்கு. அவற்றைத் தனியாக ஒதுக்காமல், வெளியிலிருந்து அடையாளம் தெரியாதபடி மற்ற வீடுகளோடு கலந்து வைத்திருக்கிறார்கள். உரிமையாளருக்கு இதைக் காட்டுங்கள்.

பாதுகாப்புக்குச் சுவர் வேண்டாமா என்று வாதம் வரும். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளும் பூங்கா இடமும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்கப்படுபவை. கொடுத்த பிறகு அவை பொதுச்சாலைகள், கேட் போட்டு மறிக்க எவருக்கும் உரிமை கிடையாது. இதை அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வரையத் தொடங்குமுன் நிலத்தில் நடந்து பாருங்கள். ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடஸ் 1915இல் நம் ஊர்களை அப்படி நடந்து பார்த்துத்தான் அறிக்கை எழுதினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் புதிய நேர்ச்சாலைகளுக்காக வீடுகளை இடிக்கத் தேவையில்லை, இருக்கும் சந்துகளை விரித்து, பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்தால் போதும் என்றார். உங்கள் இருபது ஏக்கரிலும் பள்ளிப் பிள்ளைகளும் ஆடு மேய்ப்பவர்களும் போட்ட ஒற்றையடிப் பாதைகள் இருக்கும். அவை எங்கிருந்து எங்கே போகின்றன என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றைத் தெருக்களாக்கி, நிலத்தின் எல்லையைத் தொடும் இடத்திலெல்லாம் திறப்பு விடுங்கள். கடைகளைப் பிரதான சாலையைப் பார்த்தபடி, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். நடைபாதையில் தடையில்லாத அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது. மின்கம்பமும் மரமும் அந்த அளவுக்கு வெளியே நிற்கட்டும். முதல் வரைபடம் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். உங்கள் தோழியையும் அதில் குறிப்பு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.