மணக்கும் பழைய ரோஜாக்கள்: கேள்வி பதில்

பழைய ரக ரோஜாக்களைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். கொன்றவற்றின் எண்ணிக்கையும் கணிசம். அந்த அனுபவத்தில்தான் இந்தப் பதில்கள்.

பழைய ரகம் என்று எதைச் சொல்கிறீர்கள்? எவ்வளவு வயது ஆகியிருக்க வேண்டும்?

1867-இல் பிரான்சில் 'லா ஃபிரான்ஸ்' என்ற ரோஜா வந்தது. அதற்கு முன்பே இருந்த வகைகள் பழையவை, பிறகு தோன்றிய வகைகள் புதியவை என்பது பொதுவான கணக்கு. செடி பிறந்த ஆண்டை விட, அது எந்த வகையைச் சேர்ந்தது என்பதே முக்கியம். 'மேடம் ஐசக் பெரேர்' 1881-இல்தான் வந்தது. ஆனால் 1867-க்கு முன்பே இருந்த போர்போன் வகையைச் சேர்ந்தது என்பதால் பழைய ரகத்தில் சேர்கிறது.

செழிப்பாகப் பூக்கிறது, மணமே இல்லை. எந்த உரம் போட்டால் மணம் வரும்?

எந்த உரமும் தராது. ரோஜா மணத்தின் முக்கியக் கூறுகளில் ஒன்று ஜெரானியால். அதை உருவாக்க உதவும் ஒரு நொதி, மணமற்ற ரோஜாக்களில் ஏறக்குறைய வேலையே செய்வதில்லை என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. செடியிடம் இல்லாததை மண்புழு உரம் கொண்டுவந்து சேர்க்காது.

ஆனால் முகர்ந்த நேரம் எது என்று சொல்லவில்லையே? ரோஜா மணம் சட்டென்று ஆவியாகிப் பறந்துவிடக்கூடியது. பிற்பகல் வெயிலில், காற்று வீசும்போது முகர்ந்துவிட்டுச் செடியைக் குறை சொல்லாதீர்கள். காலையில் பனி உலரும் வேளையில், பாதிக்கு மேல் விரிந்த பூவை இரு உள்ளங்கைக்குள் பொத்தி, அதன் மேல் மெதுவாக வாயால் ஊதிவிட்டு முகருங்கள். மூச்சின் வெப்பத்தில் மணம் எழும். அப்போதும் ஒன்றும் இல்லையென்றால் அந்தச் செடியிடம் மணம் இல்லை.

டமாஸ்க் ரோஜா வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு குளிர்காலமும் ஒழுங்காகக் கவாத்து செய்கிறேன். ஒரு மொட்டுகூட இல்லை. செடி மலடா?

செடியின் மேல் பழி வேண்டாம், தப்பு கத்தரிக்கோலில் இருக்கிறது. காலிகா, ஆல்பா, சென்டிஃபோலியா, கோடையில் மட்டும் பூக்கும் டமாஸ்க் ஆகிய பழைய வகைகள் ஆண்டுக்கு ஒரே முறை, அதுவும் முந்தைய ஆண்டு வளர்ந்த கிளைகளில் பூப்பவை. குளிர்காலத்தில் வெட்டும்போது வரப்போகும் பூக்களை எல்லாம் வெட்டி எறிந்துவிடுகிறீர்கள். பூத்து முடிந்த உடனே கவாத்து செய்யுங்கள். பிறகு அடுத்த பூக்காலம் வரை காய்ந்த குச்சியைத் தவிர எதையும் தொடாதீர்கள். நானும் ஓர் ஆல்பாவை இப்படியே மூன்று ஆண்டுகள் மொட்டையடித்தேன். நான்காம் ஆண்டு உடல்நலம் இல்லாமல் கவாத்தைத் தவறவிட்டேன். அந்த ஆண்டுதான் அது பூத்தது.

எங்கள் பகுதியில் குளிரே கிடையாது. இவை வளருமா?

காலிகாவையும் ஆல்பாவையும் மறந்துவிடுங்கள், அவற்றுக்குக் குளிர்கால உறக்கம் தேவை. சைனா, டீ, நாய்செட் வகைகள் வெப்பத்தைத் தாங்கி ஆண்டு முழுவதும் விட்டுவிட்டுப் பூக்கும். போர்போனும் பெரும்பாலும் சமாளிக்கும். அது ரீயூனியன் தீவில் தோன்றியது, தீவின் பழைய பெயரே போர்போன்தான்.

என் போர்போன் ரோஜா ஆளுயரத்துக்கு மேல் நீளமாகக் கிளை விடுகிறது. நுனியில் மட்டும் இரண்டு பூ. வெட்டிவிடலாமா?

வெட்டாதீர்கள், வளையுங்கள். கிளை நிமிர்ந்து நிற்கும்வரை நுனி மொட்டு தனக்குக் கீழே இருக்கும் கணுக்களைத் தூங்க வைத்திருக்கும். கிளையைப் படுக்கைவாட்டில் கொண்டுவந்தால் அந்த அதிகாரம் தளர்ந்து, கணுவுக்குக் கணு சிறு கிளை விட்டு ஒவ்வொன்றிலும் பூ வரும். இளங்கிளையாக இருக்கும்போதே, ஒரே நாளில் இழுத்து முறித்துவிடாமல், சில நாள் இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்துங்கள். பருத்திக் கயிற்றால் வேலியிலோ, தரையில் அடித்த முளையிலோ கட்டலாம். முடிச்சு தளர்வாக இருக்கட்டும்; கிளை பருக்கும்போது இறுக்கமான கயிறு பட்டையை அறுத்துவிடும்.

மொட்டு பெரிதாகிறது, விரியாமல் பழுப்பு உருண்டையாகக் காய்ந்துவிடுகிறது. பூச்சியா?

மழைதான். வெளி இதழ்கள் நனைந்து, வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து, உள்ளிருக்கும் நூறு இதழ்களையும் பூட்டிவிடுகின்றன. 1843-இல் வந்த 'சுவெனிர் டி லா மால்மெசோன்' இதற்குப் பேர்போனது. ஒட்டிய இரண்டு மூன்று இதழ்களை நகத்தால் உரித்துவிட்டால் பல மொட்டுகள் பிழைக்கும்.

ஒரு புதுக் கிளையில் ஒவ்வோர் இலையிலும் ஏழு சிற்றிலை வருகிறது. காட்டு ரோஜா என்று வெட்டிவிடச் சொல்கிறார்கள்.

பொறுங்கள். ஏழு சிற்றிலை விடும் நல்ல ரோஜாக்கள் நிறைய உண்டு, இந்தக் கணக்கை நம்பிப் பலர் நல்ல கிளையை இழந்திருக்கிறார்கள். அடியில் மண்ணைக் கிளறிப் பாருங்கள். ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழிருந்து வந்தால்தான் அது வேர்ச்செடியின், அதாவது நம் ரோஜாவை ஒட்டுப் போட்ட அடிச்செடியின் கிளை. அதை வெட்டாமல், வேரோடு சேரும் இடத்தில் பிய்த்தெடுங்கள். வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

கரும்புள்ளி நோய்க்கு வாரம் ஒரு மருந்து தெளிக்கிறேன். தீரவில்லை.

எப்போது, எங்கே தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? இலை தொடர்ந்து சுமார் ஏழு மணி நேரம் ஈரமாக இருந்தால் அந்த நோயைத் தரும் பூஞ்சை உள்ளே நுழைந்துவிடும். மாலையில் தலைக்குக் குளிப்பாட்டினால் விடியும்வரை ஈரம்தான். காலையில், அடியில் மட்டும் ஊற்றுங்கள். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள்.

முட்டை ஓடு போடலாமா?

போடலாம். மட்கச் சில ஆண்டுகள் ஆகும், அவ்வளவுதான்.

தொட்டியில் ஒரே ஒரு செடிக்குத்தான் இடம். எதை வைப்பது?

'ரோஸ் டி ரெஷ்ட்'. கைக்கு அடக்கமான புதர். அடர் இளஞ்சிவப்பில் பொத்தான் போன்ற சிறு பூக்கள், திரும்பத் திரும்பப் பூக்கும், மணத்தில் குறை வைக்காது. நாற்பது சென்டிமீட்டர் ஆழமாவது உள்ள தொட்டியும் ஆறு மணி நேர வெயிலும் கொடுங்கள். காம்பு மட்டும் மிகக் குட்டை, பூ இலைகளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பூச்சாடியில் செருக நீளக் காம்பு வேண்டும் என்பவர்கள் வேறு ஆளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.